தூக்கக் கடன்



பத்தாம் வகுப்பில் ஹார்மோன்கள் பாடம் நடத்தும்போது பிட்யூட்டரி, அட்ரீனல், கணையம் என்று கரும்பலகையில் அட்டவணை போடுவேன். அந்த நேரத்தில் ஒரு மாணவன் மேசையில் தலை சாய்த்தால் எழுப்பி நிற்க வைப்பேன். "பரீட்சை வருது, நாலு மணி நேரம் தூங்கினாப் போதும்" என்று அறிவுரையும் சொல்வேன். பலகையில் இருந்த அட்டவணைக்கும் அவனுடைய உறக்கத்துக்கும் தொடர்பு உண்டு என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

யோசிக்க வைத்தது, சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஈவ் வான் காட்டர் என்ற பெண் விஞ்ஞானியின் ஆய்வு. அவருடைய குழு ஆரோக்கியமான 11 இளைஞர்களை ஆறு இரவுகள் தலா 4 மணி நேரம் மட்டுமே படுக்க விட்டது. அடுத்த ஆறு இரவுகள் 12 மணி நேரம் படுக்க விட்டது. முடிவுகள் 1999இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தன.

தூக்கம் குறைந்த நாள்களில் அவர்களின் இரத்தத்திலிருந்து குளுக்கோஸ் சுமார் 40 சதவீதம் மெதுவாகவே குறைந்தது. மாலையில் இறங்க வேண்டிய கார்டிசால் இறங்காமல் நின்றது. இவை முதுமையில் காணப்படும் மாற்றங்கள். நன்றாகத் தூங்கியதும் அவை சீராயின.

அடுத்த ஆண்டு, 16 முதல் 83 வயது வரையிலான 149 ஆண்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். இளம் வயதில் மொத்தத் தூக்கத்தில் ஏறத்தாழ 19 சதவீதமாக இருந்த ஆழ்ந்த தூக்கம், நடுவயதில் 4 சதவீதத்துக்கும் கீழே போயிருந்தது. வளர்ச்சி ஹார்மோன் சுரப்பும் அதோடு சேர்ந்தே குறைந்தது. என் வயதுக்காரர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இது.

2004இல் வந்த ஆய்வு பசியைப் பற்றியது. இரண்டே இரவுகள் தூக்கம் குறைந்ததில் 'போதும்' என்று சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைந்தது. பசியைத் தூண்டும் கிரெலின் 28 சதவீதம் கூடியது.

இந்த ஆய்வுகளில் பெரும்பாலானோர் வளர்ந்த ஆண்கள். பள்ளிப் பிள்ளைகள் அல்லர். எண்களை அப்படியே நம் மாணவர்களுக்குப் பொருத்தக் கூடாது. ஆனால் பிள்ளைகளுக்குத் தூக்கம் நம்மைவிட அதிகம் தேவை. 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரம், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம் என்பது தூக்க மருத்துவர்களின் பரிந்துரை.

இப்போது தூங்கி விழும் பிள்ளையை நிற்க வைப்பதில்லை. "ராத்திரி எத்தனை மணிக்குப்பா படுத்தே?" என்று கேட்கிறேன். "அம்மாவோட இட்லிக் கடையில மாவு ஆட்டி முடிக்கப் பன்னிரண்டு ஆயிடுச்சு சார்" என்றான் ஒருவன். இன்னொருவன் ஐந்து பாட வீட்டுவேலையையும் முடித்துவிட்டுப் படுத்தவன். முதல் பையனின் வீட்டுச் சூழலை என்னால் மாற்ற முடியாது. இரண்டாவது பையனின் சுமை நாங்கள் ஏற்றியது. அதனால் எந்த நாளில் யார் வீட்டுப்பாடம் கொடுப்பது என்று எங்கள் ஆசிரியர் அறையில் பேசி வைத்துக்கொண்டோம்.

உங்கள் பள்ளியிலும் ஒருமுறை பேசிப் பாருங்கள். விடிய விடியப் படித்தவனைப் பாராட்டும் பழக்கத்தையும் நாம் விட்டுவிடலாம்.