இலவசக் குடை: டாலர், வட்டி, திருப்பூர் சொல்லும் பாடம்

(நமது சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

டெரிவேட்டிவ் என்றாலே நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று பலரும் எழுந்து போய்விடுவார்கள். நீங்கள் உட்கார்ந்திருப்பதற்கு முதலில் நன்றி. நான் பொருளாதார நிபுணர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காக இருந்தவன். அந்நியச் செலாவணிப் பிரிவில் ஃபார்வர்டு ஒப்பந்தங்களைப் பதிவேட்டில் ஏற்றியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் தெரிந்ததை எளிமையாகச் சொல்கிறேன்.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதியாளர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவிலிருந்து 1 லட்சம் டாலருக்கு ஆர்டர். பணம் மூன்று மாதம் கழித்துத்தான் வரும். இன்று டாலர் 44 ரூபாய் என்றால் அவர் கணக்கில் 44 லட்சம். நூல், சாயம், தையல் கூலி, வட்டி எல்லாம் போக 3 லட்சம் மிஞ்சும் என்று நினைக்கிறார். மூன்று மாதத்தில் டாலர் 40 ரூபாய்க்கு இறங்கிவிட்டால் கைக்கு வருவது 40 லட்சம். சரக்கில் ஒரு குறையும் இல்லை, ஆனாலும் லாபம் போய், கைக்காசு 1 லட்சமும் சேர்ந்து போய்விடுகிறது.

இதற்குத்தான் ஃபார்வர்டு ஒப்பந்தம். "மூன்று மாதம் கழித்து என் டாலரை இன்ன விலைக்கு நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று வங்கியுடன் இன்றைக்கே பேசி முடித்துவிடுவது. டாலர் இறங்கினாலும் கவலையில்லை. ஏறினால் கூடுதல் லாபம் கிடைக்காது. அதை நஷ்டம் என்று சொல்லக் கூடாது, நிம்மதிக்குக் கொடுத்த விலை அது. இரண்டு பக்கமும் வேண்டும் என்பவர்களுக்கு ஆப்ஷன் இருக்கிறது. முன்கூட்டியே ஒரு பிரீமியம் கட்டிவிட்டால், விலை இறங்கினால் பேசிய விலைக்கு விற்கலாம், ஏறினால் சந்தை விலைக்கே விற்கலாம். நம் கார் இன்ஷூரன்ஸ் மாதிரிதான்.

வட்டிக்கும் இதே கதைதான். வீட்டுக் கடன் கட்டுபவர்களுக்குச் சட்டென்று புரியும். 2020 மே மாதத்தில் ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி 4 சதவீதம். 2023 பிப்ரவரியில் அது 6.5 சதவீதம். நம்மில் பலருக்கு இ.எம்.ஐ. ஏறியது, அல்லது தவணை ஆண்டுகள் நீண்டன. 10 கோடி ரூபாய் மாறும் வட்டியில் கடன் வாங்கிய கம்பெனிக்கு வட்டி 2 சதவீதம் ஏறினால் வருடத்துக்கு 20 லட்சம் கூடுதல் செலவு. அதனால் கம்பெனி ஒரு வங்கியுடன் ஸ்வாப் செய்துகொள்கிறது. "நான் உங்களுக்கு நிலையான வட்டி தருகிறேன், நீங்கள் எனக்கு மாறும் வட்டி தாருங்கள்" என்பதுதான் ஒப்பந்தம். அசல் கை மாறுவதில்லை, வட்டி வித்தியாசம் மட்டும்தான் கை மாறும். கடனுக்குக் கூடுதலாகக் கட்டும் 20 லட்சம் ஸ்வாப் வழியாகத் திரும்பி வந்துவிடும்.

இதுவரை சொன்னதெல்லாம் நல்ல மருந்து. அதே மருந்து விஷமானதும் நம் தமிழ்நாட்டில்தான்.

2007-ஆம் ஆண்டு தொடக்கத்தில் 44 ரூபாய் அளவில் இருந்த டாலர், அந்த ஆண்டு முடிவதற்குள் 40 ரூபாய்க்கும் கீழே போனது. திருப்பூர், கோயம்புத்தூர் ஏற்றுமதியாளர்கள் தவித்துப் போனார்கள். அந்த நேரத்தில்தான் சில வங்கிகள் புதுவகை டெரிவேட்டிவ்களை விற்றன. "பிரீமியம் ஒரு பைசா வேண்டாம்" என்றார்கள். சிலவற்றில் கையிலும் கொஞ்சம் பணம் வரும். ஆனால் பல ஒப்பந்தங்கள் ரூபாயோடு கட்டப்படவில்லை. டாலருக்கும் சுவிஸ் ஃபிராங்குக்கும், அல்லது டாலருக்கும் ஜப்பானிய யென்னுக்கும் உள்ள விலையோடு கட்டப்பட்டிருந்தன. டாலர் ஒரு குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே போனால் ஏற்றுமதியாளர்தான் வங்கிக்குப் பணம் தர வேண்டும்.

இங்கே கொஞ்சம் நிதானித்து யோசியுங்கள். பனியன் விற்பவருக்கு வருவது டாலர், செலவு ரூபாய். சுவிஸ் ஃபிராங்க் எங்கிருந்து வந்தது? பிரீமியம் கட்ட வேண்டாம் என்றால், அந்தப் பிரீமியத்துக்கு ஈடாக வேறெதையோ அவர் கொடுக்கிறார் என்று அர்த்தம். இன்ஷூரன்ஸ் வாங்குவதாக நினைத்துக்கொண்டு, அவரே இன்ஷூரன்ஸ் கம்பெனியாக மாறி உட்கார்ந்துவிட்டார். வரக்கூடிய வரவுக்கு எல்லை இருந்தது, போகக்கூடிய நஷ்டத்துக்கு எல்லை இல்லை.

2007 ஜூனில் ஒரு டாலருக்குச் சுமார் 1.23 ஃபிராங்க். 2008 மார்ச்சில் ஒரு டாலர் ஒரு ஃபிராங்குக்கும் கீழே போனது. வருடக்கணக்கில் சம்பாதித்ததைப் பலர் அதில் இழந்தார்கள்.

வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தன. கோவையைச் சேர்ந்த ராஜஸ்ரீ சுகர்ஸ் நிறுவனத்துக்கும் ஆக்சிஸ் வங்கிக்கும் இடையிலான வழக்கு முக்கியமானது. டாலர்-ஃபிராங்க் ஒப்பந்தம்தான் பிரச்சினை. இது பந்தயம், இந்திய ஒப்பந்தச் சட்டம் 30-ஆவது பிரிவின்படி செல்லாது என்று கம்பெனி தரப்பில் வாதிட்டார்கள். 2008 அக்டோபரில் நீதிபதி வி. ராமசுப்பிரமணியன் அந்த வாதத்தை ஏற்கவில்லை. பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியானவர் அவர். டெரிவேட்டிவ் ஒப்பந்தங்கள் செல்லும் என்று ரிசர்வ் வங்கிச் சட்டத்திலேயே 2006-இல் திருத்தம் வந்திருந்தது. கையெழுத்துப் போட்டவர் "எனக்குப் புரியவில்லை" என்று பிறகு சொல்வது சுலபமாக எடுபடாது என்பதே இதில் நமக்கு உள்ள சேதி.

வங்கிகள் மேல் தப்பில்லையா? இருக்கிறது. வாடிக்கையாளருக்குப் பொருத்தமானதா என்று பார்த்துத்தான் விற்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2007 ஏப்ரலிலேயே விதி போட்டிருந்தது. டெரிவேட்டிவ் விதிகளை மீறியதற்காக 2011 ஏப்ரலில் 19 வங்கிகளுக்கு அபராதமும் விதித்தது. ஒரு வங்கிக்கு 5 லட்சம் முதல் 15 லட்சம் ரூபாய் வரைதான். கோடிகளை இழந்தவர்களுக்கு அது எந்த மூலைக்கு?

பெசன்ட் நகரில் பனியன் கம்பெனி இல்லையே, இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நம் வீடுகளிலேயே பிள்ளைகள் மொபைலில் எஃப் அண்ட் ஓ செய்கிறார்கள். அதுவும் டெரிவேட்டிவ்தான். 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள், மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்று செபி 2024-இல் கணக்குச் சொன்னது. ஏற்றுமதியாளருக்காவது காப்பாற்ற ஒரு டாலர் வரவு இருந்தது. இவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அதுவும் கிடையாது.

அதனால் யார் எதை விற்க வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள்.

ஒன்று: நான் எதைக் காப்பாற்றிக்கொள்ள இதை வாங்குகிறேன்? தொகை, கரன்சி, தேதி மூன்றும் என் வரவோடு பொருந்துகிறதா?

இரண்டு: மிக மோசமான நிலையில் எவ்வளவு போகும்? எழுத்தில் ஒரு தொகை கொடுங்கள்.

மூன்று: இது இலவசம் என்றால், பதிலுக்கு நான் கொடுப்பது என்ன?

பதில் வரவில்லை என்றால் பேனாவை மூடிப் பையில் வையுங்கள். மரியாதையாக ஒரு காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். ஒப்பந்தத் தாளில் ஏதாவது புரியாவிட்டால், கையெழுத்துப் போடுவதற்கு முன் என்னிடம் கொண்டு வாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து படிப்போம். போட்ட பிறகு வந்தால் என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது.