தூதர் செல்லும் வழி

கூடூரிலிருந்து ரேணிகுண்டாவுக்குச் செல்லும் இருப்புப் பாதையில், காளத்தியைக் கடந்த பின் ஏர்பேடு என்னும் சிறு நிலையம் வருகிறது. வங்கத்தில் வாழும் நம்மவர் பலர் திருப்பதிக்கு வரும் வழி இது. இன்று ஆந்திரப் பிரதேசத்தில் அடங்கியுள்ள இப்பகுதி, பழைய தொண்டை மண்டலத்தின் வடபால் அமைந்தது. அதியமானுக்காக ஔவையார் தூது சென்றது தொண்டைமானிடம் என்பதைப் புறநானூற்றால் அறிகிறோம். ஆகவே, போர் மூளும் வேளையிலும் மாற்றான் அவைக்குச் சென்று, சொல்ல வேண்டியதைச் சொல்லித் திரும்பத் தூதருக்கு உரிமை உண்டு என்பது நமக்குப் புதிய கொள்கை அன்று. அவ்வுரிமையைக் காப்பது எது என்பதே கேள்வி.

ஒரு காலத்தில் அதைக் காத்தது அரசனின் விருப்பம் ஒன்றே. 1779-இல் சென்னைக் கும்பினி அரசாங்கம், தமிழ் நன்கறிந்த சுவார்ட்ஸ் பாதிரியாரை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அனுப்பியது. ஹைதர் அலி அவரை மதிப்புடன் வரவேற்றார். மறு ஆண்டு யுத்தம் மூண்ட போதும், இப்பாதிரியாரைத் தடுக்க வேண்டாம் என்று தம் அதிகாரிகளுக்குக் கட்டளையிட்டார். 1782 டிசம்பரில் சித்தூருக்கு அருகே பாசறையில் ஹைதர் காலமானார். 1783-இல் சமாதானம் பேச அதே சுவார்ட்ஸ் மீண்டும் புறப்பட்டார். இம்முறை திப்புவின் அதிகாரிகள் அவரைச் சத்தியமங்கலத்திலேயே நிறுத்திவிட்டார்கள். அவர் திரும்ப நேர்ந்தது. தூதர் மாறவில்லை, நோக்கமும் மாறவில்லை. அனுமதி அளித்தவரின் மனத்தைச் சார்ந்திருந்த பாதுகாப்பு அவரோடு போய்விட்டது.

இக்குறையை நீக்க எழுந்ததே சர்வதேசச் சட்டம். 1961-இல் வியன்னாவில் உருவான தூதரக உறவு உடன்படிக்கை, யுத்தம் நேர்ந்தாலும் தூதரக ஊழியரும் குடும்பத்தினரும் விரைவில் வெளியேற வசதி செய்து தர வேண்டும் என்று விதிக்கிறது. தேவையானால் வாகனமும் அளிக்கச் சொல்கிறது. இந்தியாவும் பாகிஸ்தானும் 1971-க்கு முன்னரே அதில் சேர்ந்திருந்தன.

எனினும் அவ்வாண்டு நிகழ்ந்தது யாது? மார்ச் 25-ஆம் தேதி இரவு டாக்காவில் இராணுவ நடவடிக்கை தொடங்கிற்று. ஏப்ரல் 18-ஆம் தேதி, கல்கத்தாவில் இருந்த பாகிஸ்தான் துணை ஹைகமிஷனர் ஹொசைன் அலி, தம் வங்காளி ஊழியர்களோடு வங்காள தேசத்தின் பக்கம் சேர்ந்தார். பாகிஸ்தான் அந்த அலுவலகத்தை மூடியது. டாக்காவிலுள்ள இந்திய அலுவலகத்தையும் மூடச் சொன்னது. அத்துடன் முடிந்திருக்க வேண்டிய விஷயம் முடியவில்லை. கல்கத்தாவிலிருக்கும் வங்காளி ஊழியர்களின் விருப்பத்தைத் தனித்தனியே கேட்டறிய வேண்டும் என்று பாகிஸ்தான் வற்புறுத்தியது. அவர்களைக் கட்டாயப்படுத்த இயலாது என்றது இந்தியா. டாக்காவில் இந்திய ஊழியர்களின் நடமாட்டம் ஒடுக்கப்பட்டது. கல்கத்தாவிலும் அதற்கு எதிர்க் கட்டுப்பாடு வந்தது. ஒரு நகரத்தில் இருந்தவர்கள் மற்றொரு நகரத்தில் இருந்தவர்களுக்குப் பிணையாயினர்.

இரு தரப்பும் நம்பக்கூடிய மூன்றாமவர் தேவைப்பட்டார். சுவிட்ஸர்லாந்து அப்பணியை ஏற்றது. அந்நாட்டுப் பிரதிநிதி கல்கத்தாவில் ஊழியர்களை நேரில் கேட்டார். அவர்கள் திரும்பிச் செல்ல மறுத்தார்கள். அதன் பின், ஆகஸ்டு மாதத்தில் இரு பக்கத்தாரும் தத்தம் நாடு சேர்ந்தனர். சட்டம் ‘விரைவில்’ என்று சொன்னதற்கு நடைமுறையில் ஏறக்குறைய நான்கு மாதம் பிடித்தது! டிசம்பரில் யுத்தம் வந்து உறவே முறிந்தபோது, இரு நாடுகளின் நலன்களையும் அங்கங்கே கவனித்துக் கொண்டதும் சுவிட்ஸர்லாந்தே. தூதரக உறவு மீண்டும் மலர்ந்தது 1976-இல்.

தூதர் என்றவுடன் பெரிய பதவியாளர் ஒருவரையே நாம் எண்ணுகிறோம். ஒவ்வோர் அலுவலகத்திலும் எழுத்தரும், ஓட்டுநரும், அவர்தம் மனைவி மக்களும் இருக்கிறார்கள். அரசாங்கங்கள் பிணங்கும்போது அயலூரில் முதலில் அகப்பட்டுக் கொள்பவர்கள் அவர்களே. சட்டம் அவர்களுக்கும் உரியது. அதை மதிப்பது பகைவனுக்குக் காட்டும் தயவு அன்று. என்றேனும் ஒரு நாள் சமாதானம் பேசியாக வேண்டிய இரு நாடுகள், அதற்கான பாதையை அடைத்துவிடாமல் வைத்துக்கொள்ளும் விவேகமாகும்.