ஏலே, அடுத்த பாலம் வரைக்கும்



ஆழ்வார்திருநகரியிலிருந்து தென்திருப்பேரைக்குப் போகிற சாலையில் விடிகாலையில் ஓடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், போகும்போது சிரமமே தெரியாது. வாழைத்தோட்டத்து ஈரக்காற்று முகத்தில் அடிக்கும், கால் தானாகப் போகும். திரும்பும்போதுதான் வம்பு. முதுகில் வெயில் ஏறும், பனியன் உடம்போடு ஒட்டும். உள்ளேயிருந்து ஒரு குரல் கிளம்பும்: "போதும், நட. உன்னை யார் கேட்கப் போறா?" ஐம்பது வயதுக்கு மேல் ஓட ஆரம்பித்தவன் நான். அந்தக் குரல் எனக்கு நல்ல பழக்கம்.

அதைச் சமாளிக்க உளவியலார் சில பயிற்சிகள் சொல்கிறார்கள். பதக்கத்துக்கு ஓடுகிறவர்களை விடுங்கள். வேலைக்குப் போகும் முன் எட்டோ பத்தோ கிலோமீட்டர் ஓடுகிற நம்மைப் போன்றவர்களுக்கு அந்த வித்தைகள் எவ்வளவு உதவும்? இன்று அதைத்தான் எடை போடப் போகிறோம்.

முதலில், களைப்பு எங்கே இருக்கிறது? 2009இல் சாமுவேலே மார்கோரா என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் பிரிட்டனில் ஒரு சோதனை செய்தார்கள். 16 பேர். ஒரு நாள் 90 நிமிடம் கணினியில் கவனத்தைப் பிழிகிற வேலை. இன்னொரு நாள் அதே நேரம் சும்மா படம் பார்க்கலாம். இரண்டு நாளும் முடிந்த கையோடு சைக்கிள் மிதிக்க வேண்டும். படம் பார்த்த நாளில் 754 விநாடி தாங்கியவர்கள், மூளை களைத்த நாளில் 640 விநாடியில் விட்டுவிட்டார்கள். இதயமும் தசையும் இரண்டு நாளும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருந்தன. 'எவ்வளவு பாடுபடுகிறேன்' என்ற உணர்வுதான் கூடியிருந்தது. மாதக் கடைசியில் கணக்கை முடித்துவிட்டு மாலையில் ஓடப் போனால் கால் ஏன் இரும்பாகக் கனக்கிறது என்பதற்கு இது ஒரு விடை. கடினமான ஓட்டத்தைக் காலையில் வைத்துக்கொள்வது நல்லது.

சரி, அந்த உணர்வைக் குறைக்க முடியுமா? 2014இல் இன்னொரு சோதனை வெளிவந்தது. 24 பேரில் ஒரு பாதிப்பேருக்குத் தங்களுக்குத் தாங்களே தெம்பு சொல்லிக்கொள்ள இரண்டு வாரம் பழக்கம் கொடுத்தார்கள். அவர்கள் சைக்கிளில் தாக்குப்பிடித்த நேரம் 637 விநாடியிலிருந்து 751 விநாடியாக உயர்ந்தது. பழகாதவர்களிடம் மாற்றம் இல்லை. 2019இல் இன்னும் நுட்பமாக ஒன்றைப் பார்த்தார்கள். தனக்குத்தானே பேசும்போது 'நான்' என்று பேசுவதா, 'நீ' என்று பேசுவதா? 10 கிலோமீட்டர் சைக்கிள் பந்தயத்தில் 'நீ' என்று பேசியபோது சுமார் 2 விழுக்காடு வேகம் கூடியது.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. தன் நெஞ்சை முன்னால் நிறுத்தி 'நீ' என்று பேசுவது தமிழுக்குப் புதுசா? திருக்குறளில் 'நெஞ்சொடு கிளத்தல்' என்று ஓர் அதிகாரமே உண்டு. ஆழ்வார்திருநகரியில் அவதரித்த நம்மாழ்வார் பெரிய திருவந்தாதியை ஆரம்பிப்பதே நெஞ்சை விளித்துத்தான். அவர்கள் பேசியது காதலையும் பக்தியையும், ஓட்டத்தை அல்ல. ஆனாலும் எட்டி நின்று தன்னைப் பார்த்துப் பேசுகிற அந்த நடை நம் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. நான் எனக்குச் சொல்லிக்கொள்வது இவ்வளவுதான்: "ஏலே, பதறாத. தோளத் தளர்த்து. அடுத்த பாலம் வரைக்கும்தாம்ல."

அந்த 'அடுத்த பாலம்' இரண்டாவது வித்தை: தூரத்தைத் துண்டு துண்டாக வெட்டிக்கொள்வது. நம்மாழ்வாரின் திருவாய்மொழி 1102 பாசுரம். அந்தாதித் தொடை; ஒன்றின் முடிவில் அடுத்தது தொடங்கும். மனப்பாடமாக ஓதுகிறவர் 1102ஐயும் தலையில் சுமப்பதில்லை. கையில் இருக்கும் சொல்லைப் பிடித்து அடுத்ததில் கால் வைக்கிறார். திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிறவர்களும் அப்படித்தான். திருநெல்வேலியிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் என்று நினைத்தால் கால் எழும்புமா? செய்துங்கநல்லூர், கருங்குளம், ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை, குரும்பூர் என்று ஊர் ஊராகக் கழிக்கிறார்கள். ஒருவர் குரல் கொடுக்க, மற்றவர்கள் "அரோகரா" என்று வாங்க, அதில் நடையும் ஒரு தாளத்துக்கு வந்துவிடுகிறது.

மூன்றாவது, கவனம். 1977இல் வில்லியம் மார்கன், மைக்கேல் போலாக் என்ற ஆய்வாளர்கள் இருவரும் அமெரிக்காவின் முன்னணி மாரத்தான் வீரர்களைக் கேட்டுப் பார்த்தார்கள். சாதாரண ஓட்டக்காரர்கள் வலியை மறக்க மனத்தை வேறெங்கோ அனுப்பினார்கள். தேர்ந்தவர்கள் பெரும்பாலும் மூச்சையும் காலையும் கவனித்தபடி வேகத்தைத் திருத்தினார்கள். நிதானமான ஓட்டத்துக்குக் காதில் பாட்டு இருக்கட்டும். நேரம் குறைய வேண்டுமென்றால் அவ்வப்போது உள்ளே எட்டிப் பார்க்கத்தான் வேண்டும்.

இனி என் மதிப்பீடு. இந்தச் சோதனைகளில் ஆட்கள் குறைவு. பல சைக்கிளில் நடந்தவை. தாக்குப்பிடிக்கும் நேரம் 18 விழுக்காடு கூடியது என்றால் பந்தய நேரமும் அதே அளவு குறையும் என்று அர்த்தம் இல்லை. பந்தயத்தில் கிடைப்பது ஒன்றிரண்டு விழுக்காடுதான். ஒரு மணி நேரத்தில் 10 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு அது ஒரு நிமிடம். வாரத்தில் நாலு நாள் ஓடாதவரை எந்த மந்திரமும் ஓட வைக்காது. ஓடுகிறவருக்கு அந்த ஒரு நிமிடம் காசில்லாமல் கிடைக்கிறது.

ஆகவே நாளைக் காலையில் ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். உங்கள் வீட்டுப் பேச்சில் இருக்கட்டும், 'நீ' என்று இருக்கட்டும். இரண்டு வாரம் அதையே சொல்லிப் பழகுங்கள். வெயிலில் தலை சுற்றினால் வித்தையை ஓரம் வைத்துவிட்டு நிழலில் உட்காருங்கள். நெஞ்சு சோம்பினால் நெஞ்சோடு பேசுங்கள். நெஞ்சு வலித்தால் மருத்துவரோடு பேசுங்கள்.