எலியின் தோலும் நம் தீப்புண்ணும்
(ஒரு பிரசங்கம்)



இன்று யாம் பேசப் புகுந்த பொருள் எலியைப் பற்றியது. பருப்பும் மல்லியும் மிளகாய் வற்றலும் மூட்டை மூட்டையாய் அடுக்கி வாணிகம் செய்யும் விருதுநகரத்தார்க்கு எலி பரம்பரைப் பகையன்றோ? கிட்டங்கியில் எலிப்பொறி வைப்பவரிடம் எலியின் பெருமை பேசுதல் நகைப்புக்கு இடமாகலாம். ஆயினும் இப்பகைவன் நமக்குச் செய்துள்ள ஓர் உதவியைச் சபையோர் கேட்டபின் தீர்ப்புச் சொல்லுமாறு வேண்டுகிறோம்.

1920-களின் தொடக்கத்தில் பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று மீண்டனர். மழை பொய்க்கும் கரிசல் பூமியில் அத்தொழிலும், அதன் பின் வந்த பட்டாசுத் தொழிலும் எத்தனையோ குடும்பங்களுக்குக் கஞ்சி வார்த்தன. அது நம் பெருமை. அப்பெருமைக்கு நாம் கொடுத்துவரும் விலையையும் மறைத்தலாகாது. 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடி விபத்தில் ஏறக்குறைய நாற்பது உயிர்கள் மாண்டன. மாண்டாரைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதும். பிழைத்தவர் தீப்புண்ணோடு வாழும் நாட்களைப் பற்றி எழுதுவார் அரியர். ஒருவன் புண் பத்து நாளில் ஆறுவதும், மற்றொருவன் புண் பல மாதம் ஆகியும் ஆறாமையும் ஏன்? இவ்வினாவுக்கு விடை காண எலி துணை செய்தது.

நம் தோல் இரண்டு அடுக்காலானது. மேல்தோல் ஒரு காகிதத்தின் கனமே உடையது. அதன் கீழ் உள்ள உள்தோல் தடித்தது. நரம்பும் இரத்தக்குழாயும் வியர்வைச் சுரப்பியும் மயிர்க்குழியும் அங்கே உள. மேல்தோலின் அடிவரிசையில் உள்ள உயிரணுக்கள் இடைவிடாது பிளந்து பெருகுகின்றன. புதியவை பழையவற்றை மேலே தள்ள, அவை தட்டையாகி, உயிர் நீங்கி, அழுக்கோடு அழுக்காய் உதிர்ந்து போகின்றன. மனிதனின் மேல்தோல் முழுதும் புதிதாக ஏறக்குறைய ஒரு மாதம் ஆகிறது. சுண்டெலிக்கு அதினும் விரைவிலேயே முடிந்துவிடுகிறது.

இதனை எங்ஙனம் கண்டனர்? கண்ணாடித் தகட்டில் வைத்துப் பூதக்கண்ணாடியால் நோக்குங்கால் அணுக்கள் அசைவற்றுக் கிடக்கும். எது பழையது, எது புதியது என்று அறிதல் அரிது. கானடா தேசத்து மான்ட்ரியல் நகரில், மெக்கில் சர்வகலாசாலையில் பணியாற்றிய சார்ல்ஸ் லெப்லாண்ட் என்னும் அறிஞர் இதற்கு வழி கண்டவருள் முதன்மையானவர். நம் மண்டிகளில் மூட்டைக்கு மார்க்கு இடுவது யாவரும் அறிந்ததே. மார்க்கு இட்ட மூட்டை எந்த ஊர்க் கிட்டங்கியில் கிடந்தாலும் அது யாருடையது, எப்போது புறப்பட்டது என்று சொல்லிவிடலாம். அணுக்களுக்கும் அவ்வாறே மார்க்கு இட்டனர். பிளக்கப் போகும் அணு தன் மரபுப் பொருளை இரட்டிப்பதற்கு தைமிடின் என்னும் சரக்கை உட்கொள்ளும். அச்சரக்கில் கதிர் வீசும் நீரகத்தைச் சேர்த்து எலிக்கு ஊசி வழியே செலுத்தினர். பின்னர்க் குறித்த மணிக்கணக்கில் தோலையும் குடலையும் மெல்லிய சீவலாய் அரிந்து, புகைப்படச் சுருளில் பூசும் மருந்தைத் தடவி, இருட்டில் வாரக்கணக்காய் வைத்துக் கழுவினர். மார்க்கு ஏற்ற அணுவின்மேல் கரும்புள்ளிகள் தோன்றின. முதல் நாள் அடிவரிசையில் இருந்த புள்ளி, சில நாள் சென்றபின் மேல்வரிசையில் இருந்தது! எலியின் சிறுகுடலின் உட்பூச்சு சில நாட்களுக்குள் முழுதும் புதிதாகிவிடுகிறது என்பதை லெப்லாண்டும் அவர் துணைவரும் 1948-லேயே வெளியிட்டிருந்தனர். நிலையானதென்று நாம் எண்ணும் உடம்பு நாள்தோறும் கட்டப்பட்டு வருவது இவ்வாறு கண்கூடாயிற்று.

1990-இல் மற்றோர் உண்மை வெளிவந்தது. சுண்டெலியின் மயிர்க்குழியில், சற்றுப் புடைத்த ஒரு பகுதியில், மார்க்கு நெடுநாள் அழியாத அணுக்கள் இருந்தன. மார்க்கு அழியாமையின் பொருள் அவை அடிக்கடி பிளப்பதில்லை என்பதே. அவை விதைநெல் போன்றவை. புண் உண்டானால் அங்கிருந்தும் அணுக்கள் மேலேறி வந்து புண்ணை மூடுதல் கூடும்.

இப்போது தீப்புண்ணுக்கு வருவோம். மேல்தோல் மட்டும் வெந்தால், விதைநெல் முழுதும் தப்பியிருக்கும். புண் தானே ஆறும். உள்தோலின் ஒரு பகுதி வெந்தால், மயிர்க்குழியிலும் வியர்வைச் சுரப்பியிலும் எஞ்சியதைக்கொண்டு இரண்டு மூன்று வாரத்தில் ஆறக்கூடும். உள்தோல் முழுதும் வெந்துவிட்டாலோ விதையே இல்லை. நிலத்தில் விதையின்றி எவ்வளவு எரு இட்டால் என்ன? எந்தக் களிம்பும் அங்கே தோலை முளைப்பிக்காது; ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல ஊர்ந்து வருவதே உண்டு. இத்தகைய ஆழ்ந்த புண்ணில் நரம்பும் வெந்துபோவதால் வலி குறைவாயிருக்கும். “வலி இல்லை; ஆகவே பயமில்லை” என்று வீட்டில் இருந்துவிடுவோர் இதனைக் கருத்தில் வைக்க வேண்டும்.

உள்தோலுக்கு உறுதி தருவது கொலாஜன் என்னும் நார்ப்பொருள். மூன்று புரி முறுக்கிய கயிறு போன்றது அதன் அமைப்பு என்று 1950-களின் நடுவில் சென்னைச் சர்வகலாசாலையில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கண்டுரைத்தது தமிழகம் பெருமைகொள்ளத் தக்கது. நல்ல தோலில் இந்நார் கூடை முடைந்தாற்போல் ஒழுங்காய் இருக்கும். ஆறும் புண்ணிலோ அவசரத்தில் கட்டிய வேலிபோல் நெருங்கி ஒருபக்கமாய்ப் படியும், அதுவே தழும்பு. மேலும், ஆறும் புண்ணில் நார் நெய்யும் அணுக்களுள் சில, தசைபோல் சுருங்கும் ஆற்றல் பெறுவதை 1971-இல் கப்பியானி என்பாரும் அவர் துணைவரும் எலியின் புண்ணில் கண்டனர். எலியின் தோல் உடம்போடு ஒட்டாது தளர்ந்திருப்பதால், இச்சுருக்கம் அதற்கு நன்மை; புண் விரைவில் மூடிக்கொள்ளும். மனிதனுக்கோ கழுத்து நெஞ்சோடும் விரல் உள்ளங்கையோடும் ஒட்டிக்கொள்ளும். மருந்து திணிக்கவும் திரி செருகவும் பழகிய விரல்கள் மடங்கியே போனால் அக்குடும்பம் எதைக்கொண்டு பிழைக்கும்? ஆதலின் புண் ஆறும்போதே மருத்துவர் சொன்னபடி கட்டையிட்டுக் கட்டுதலும், வலித்தாலும் மூட்டை நீட்டி மடக்குதலும் மருந்துக்கு ஒப்பானவை. எலிக்கு ஆறியது என்று சொல்லி விற்கும் தைலத்தை நம்பலாகாது என்பதும் இதனாற் பெறப்படும்.

விதையே இல்லாத இடத்துக்கு நாற்று நடலாம். நோயாளியின் தொடையிலிருந்து தோலின் மேற்பகுதியை மெல்லிதாய்ச் சீவி எடுத்து ஒட்டுவர். சீவிய இடத்தில் மயிர்க்குழிகள் எஞ்சியிருத்தலால் அது இரண்டு வாரத்தளவில் ஆறிவிடும். உடம்பு முழுதும் வெந்தவனுக்குச் சீவ இடம் ஏது? இங்கும் சுண்டெலி வந்தது. 1975-இல் ஹோவர்ட் கிரீனும் ஜேம்ஸ் ரைன்வால்டும், கதிரால் பெருக்கம் நிறுத்தப்பட்ட சுண்டெலி அணுக்களின்மேல் மனிதத் தோலணுவை விதைத்தால் அது செழித்து வளர்தலைக் கண்டனர். 1983-இல் அமெரிக்காவில் உடம்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் வெந்த இரு சிறுவரின் அக்குளிலிருந்து சிறு துண்டுத் தோல் எடுத்து, அதனை வளர்த்து, அவர் உடம்பில் ஏறக்குறையப் பாதியை மூடினர். இருவரும் பிழைத்தனர். அம்முறை பெரும் செலவுடையது, எல்லார்க்கும் எட்டுவதன்று.

நமக்கு எட்டுவன இரண்டு. முதலாவது தண்ணீர். எம் இளமையில் ஒரு தீபாவளியன்று பக்கத்து வீட்டுச் சிறுவன் கை வெந்தது. பெரியவர் ஒருவர் ஓடிவந்து பேனா மையை ஊற்றினார். மற்றொருவர் முட்டையை உடைத்துப் பூசினார். யாமும் மைக்கூட்டை எடுத்துக் கொடுத்தவர்களே. புண்ணின் ஆழம் தெரியாமல் மறுநாள் மருத்துவர் திணறினார். அதில் சீழும் பிடித்தது. நெருப்பு அணைந்த பின்னும் தோலுக்குள் சூடு இறங்கிக்கொண்டே இருக்கும். ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிஷம் காட்டினால் அச்சூடு தணிந்து, விதையணுக்களில் பல தப்பும். மூன்று மணி நேரத்துக்குள் செய்தாலும் பயன் உண்டு. பனிக்கட்டி வைத்தலாகாது. மோதிரம் வளையலை வீக்கம் வருமுன் கழற்றுக. பற்பசை, மை, எண்ணெய், மஞ்சள் எதனையும் பூசாது, தூய துணியால் மூடி மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. பரந்த புண்ணானால் உடம்பு குளிர்ந்து நடுங்காதபடி மற்றப் பகுதியைப் போர்த்துக. 2022-ஆம் ஆண்டு முதல் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி உண்டு.

இரண்டாவது தோல் தானம். இறந்தவர் உடம்பிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் தொடை, கால், முதுகு ஆகியவற்றின் மேற்றோலை மெல்லிதாய் எடுப்பர். முகத்தைத் தொடார், உடம்பு விகாரப்படாது, துணி உடுத்தினால் வெளியே தெரியாது. கிளிசரினில் இட்டு ஐந்தாண்டு வரையில் காக்கலாம். இத்தோல் நோயாளிக்கு நிரந்தரமாய் ஒட்டாது. இரண்டு மூன்று வாரத்தில் உடம்பு அதனைத் தள்ளிவிடும். அக்காலத்துக்குள் சீழ் பிடியாமலும் உடம்பின் நீர் வற்றாமலும் காத்து, சொந்தத் தோலை ஒட்ட அவகாசம் தரும். இதற்கு இரத்த வகை பொருந்த வேண்டுவதில்லை. குலம் கோத்திரம் பார்க்க வேண்டுவதுமில்லை.

சபையோரே! வாணிபத்தில் சிறுதுளி எடுத்து வைத்த மகமையால் நம் முன்னோர் பள்ளிக்கூடங்கள் எழுப்பினர். அங்கே எல்லாச் சாதிப் பிள்ளைகளும் படித்தனர். கண்தானத்துக்கு ஒப்பம் இடுவோர் இன்று நம்முள் பலர். தோலுக்கும் ஓர் மகமை வைப்போமாக. நம் வீட்டில் சாவு நிகழ்ந்த அந்த ஆறு மணி நேரத்தில் எவரிடம் சொல்லியனுப்புவது என்பதை உறவின்முறை முன்னரே விசாரித்து, அம்மருத்துவமனையின் விவரத்தைச் சாவடியில் எழுதி ஒட்டுக. யாம் எம் வீட்டாரிடம் சொல்லிவிட்டோம். தீப்பெட்டியும் பட்டாசும் செய்து கொடுத்த நம் ஊர்களுக்கு, தீப்பட்டவன் உடம்பை மூடும் கடனும் உண்டு என்று பணிவுடன் கூறி அமைகின்றோம்.