நாலு முத்தையா



காரைக்குடிப் பக்கம் ஒரு வீட்டில் பிள்ளை பிறந்தால், தொட்டிலைச் சுற்றி நிற்கும் ஆச்சிமார் முதலில் கேட்பது, "யாரைக் கொண்டிருக்கு?" என்பதைத்தான். மூக்கு அப்பச்சியைக் கொண்டிருக்கு, நெற்றி ஆயாளைக் கொண்டிருக்கு என்று ஆளுக்கொரு பாகமாகப் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். அடுத்தது பெயர். மூத்த பையனுக்கு ஐயா, அதாவது தாத்தா பெயர்தான். அதில் பேச்சே கிடையாது. அதனால்தான் ஒரு வளவுக்குள் நின்றுகொண்டு "முத்தையா" என்று கூப்பிட்டால் மூன்று பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

செட்டிநாட்டு முத்தையாக்களில் நாலு பேரைச் சொல்கிறேன். ஒருவர் ராஜா சர் முத்தையா செட்டியார். 1905-இல் பிறந்தவர், தாத்தா பெயரைத் தாங்கியவர், 1933-இல் சென்னை மாநகராட்சியின் மேயர். இன்னொருவர் கோட்டையூரில் சைன்போர்டு எழுதிய முத்தையா. பழைய புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ் என்று அச்சான தாள் எதுவானாலும் சேர்த்தார். 1992-இல் அவர் காலமானபோது சேகரிப்பு ஏறக்குறைய 1 லட்சத்தை எட்டியிருந்தது. சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அவர் பெயரில்தான் இருக்கிறது. மூன்றாமவர் பள்ளத்தூரில் 1930-இல் பிறந்த எஸ். முத்தையா, சென்னை நகரத்தின் கதையைத் தெருத்தெருவாக எழுதி வைத்தவர். நாலாவது முத்தையாவை உங்களுக்கு நன்றாகத் தெரியும், ஆனால் அந்தப் பெயரில் தெரியாது. 1927-இல் சிறுகூடல்பட்டியில் பிறந்த அவர்தான் கவிஞர் கண்ணதாசன்.

ஒரே சீமை, ஒரே சமூகம், ஒரே பெயர். ஆள் மட்டும் ஏன் ஒன்றாக இல்லை?

இங்கிலாந்தில் ஃபிரான்சிஸ் கால்ட்டன் 1869-இல் ஒரு புத்தகம் போட்டார். மேதைமை பரம்பரையாக வருவது என்று அதில் வாதாடினார். சான்றுக்கு அவர் அடுக்கியவை நீதிபதி மகன் நீதிபதி, அறிஞர் மகன் அறிஞர் என்கிற மாதிரியான குடும்பங்கள். நம் ஊர்க்காரர் யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் அப்போதே கேட்டிருப்பார்: "ரத்தத்தோடு பெட்டகச் சாவியும் சேர்ந்துதானே வந்தது?"

சாவியை ஒதுக்கிவிட்டு ரத்தத்தை மட்டும் பார்க்க ஒரு வழி உண்டு. ஒரு வீட்டில் பிறந்து இன்னொரு வீட்டில் வளர்ந்த பிள்ளைகளைக் கவனிப்பது. மேல்நாட்டு ஆய்வாளர்கள் அப்படிப்பட்டவர்களைத் தேடித் திரிகிறார்கள். செட்டிநாட்டில் தேட வேண்டியதே இல்லை. பிள்ளை கூட்டிக்கொள்வது நகரத்தார் வீடுகளில் நெடுநாள் வழக்கம். கண்ணதாசனே அப்படிப் போனவர்தான். சாத்தப்ப செட்டியார், விசாலாட்சி ஆச்சி தம்பதிக்குப் பிறந்த பத்துப் பேரில் எட்டாவது. சிகப்பி ஆச்சி 7,000 ரூபாய் கொடுத்துச் சுவீகாரம் எடுத்தார். முத்தையா அங்கே நாராயணன் ஆனார். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி.

அப்படியானால் பாட்டு எந்த வீட்டிலிருந்து வந்தது? பிறந்த வீட்டுப் பக்கம் பார்த்தால் அண்ணன் ஏ.எல். சீனிவாசன் படத் தயாரிப்பாளர். இன்னொரு அண்ணன் மகன் பஞ்சு அருணாசலம், சித்தப்பா சொல்லச் சொல்ல எழுதிக்கொடுத்து, பிறகு தானும் பாட்டும் வசனமும் எழுதியவர். ரத்தம்தான் என்று தோன்றும். ஆனால் சித்தப்பா பக்கத்தில் உட்காரக் கிடைத்ததும் ஒரு சொத்துதானே? போதாததற்கு, பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டிலும் ஒரே சாப்பாடு, ஒரே சாமி, ஒரே பேச்சு. ஆய்வாளர் கண்ணுக்கு இது உருப்படாத சோதனை.

சரி, ரத்தத்தின் கணக்கையே பார்த்துவிடுவோம். நம் ஒவ்வொருவர் உடம்பிலும் 23 ஜோடி குரோமோசோம்கள். பிள்ளைக்குப் போவது ஜோடிக்கு ஒன்றுதான். எது போகும் என்பது பூவா தலையா. 23 தடவை பூவா தலையா போட்டால் எத்தனை விதமாக விழும்? 83 லட்சத்து 88 ஆயிரத்து 608 விதமாக. ஏறக்குறைய எண்பத்து நாலு லட்சம்! எண்பத்து நாலு லட்சம் யோனி பேதம் என்று பாட்டிமார் சொன்ன கணக்கு நினைவுக்கு வருகிறதா? வெறும் தற்செயல்தான், முன்னோர் அன்றே கண்டுபிடித்தார்கள் என்று யாராவது கிளம்பினால் நான் பொறுப்பல்ல. அப்பா பக்கம் இத்தனை, அம்மா பக்கம் இத்தனை. பெருக்கினால் 70 லட்சம் கோடியைத் தாண்டும். பத்துப் பிள்ளை பெற்றாலும் பத்தும் பத்து விதமாக இருப்பது இதனால்தான்.

அமெரிக்க உளவியலாளர் டேவிட் லிக்கன் இதில் ஒரு படி மேலே போனார். மேதைமை ஒரு சேர்மானம் என்றார் அவர். நம் சமையலை வைத்துச் சொன்னால், கல்பாசியைத் தனியாக வாயில் போட்டால் மரப்பட்டை மாதிரி இருக்கும். அன்னாசிப்பூவும் மராட்டி மொக்கும் சோம்பும் அளவோடு கூடினால்தான் அந்த மணம். மேதை தன் பிள்ளைக்குக் கொடுப்பது பாதிச் சாமான்தான். சேர்மானம் அவரோடு கலைந்துபோகிறது. கும்பகோணத்து ஜவுளிக்கடைக் கணக்கரின் மகன் ராமானுஜன் கணிதத்தில் உலகத்தையே அசைத்தார். அவருக்குப் பின் பிறந்து வளர்ந்த தம்பிகள் இருவர் பெயர் நமக்குத் தெரியுமா?

சேர்மானம் ஒன்றாகவே இருந்தால் ஆளும் ஒன்றாக இருப்பாரோ? அதுவும் இல்லை. மரபணு அச்சு அசலாக ஒன்றாயிருந்த 40 சுண்டெலிகளை ஜெர்மானிய ஆய்வாளர்கள் ஒரே பெரிய கூண்டில் மூன்று மாதம் விட்டுவைத்தார்கள். 2013-இல் முடிவு வெளியானது. சில எலிகள் மூலை முடுக்கெல்லாம் சுற்றின. சில ஒதுங்கிக் கிடந்தன. அதிகம் சுற்றியவற்றின் மூளையில் புது நரம்பணுக்களும் அதிகம். முதல் வாரத்துச் சின்ன வித்தியாசம் நாளாக ஆகப் பெருத்துக்கொண்டே போயிருக்கிறது.

ஆகவே முன்கூட்டிச் சொல்வது வீண். கலிபோர்னியாவில் லூயிஸ் டெர்மன் 1921-இல் புத்திக்கூர்மைத் தேர்வு வைத்து 1,500-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்துப் பல்லாண்டு பின்தொடர்ந்தார். அவர்களில் ஒருவருக்கும் நோபல் கிடைக்கவில்லை. மார்க் போதாது என்று கழிக்கப்பட்டவர்களில் இரண்டு பேர் வாங்கினார்கள்: ஷாக்லி 1956-இல், அல்வாரெஸ் 1968-இல். ராமானுஜனையும் கல்லூரிப் பரீட்சை தோற்கடித்தது. நோட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குமாஸ்தா வேலைக்கு அலைந்தார்.

இந்த இடத்தில்தான் எனக்குக் கோட்டையூர் அழகப்ப செட்டியார் நினைவு வருகிறது. காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகம் அமைய 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தாரே, அவர்தான். 1950-இல் சென்னையில் ராமானுஜன் பெயரில் ஒரு கணித ஆய்வு நிறுவனம் தொடங்கினார். முதல் இயக்குநராக அமர்ந்த விஜயராகவன், ராமானுஜனைக் கண்டெடுத்த கணித அறிஞர் ஹார்டியிடமே ஆக்ஸ்ஃபோர்டில் பயின்றவர். அழகப்பர் 1957-இல் காலமானார். நிறுவனம் தள்ளாடியது; சென்னைப் பல்கலைக்கழகம் எடுத்துக்கொண்டது. இன்றும் சேப்பாக்கத்தில் இருக்கிறது. நோட்டுப் புத்தகத்தோடு வருகிறவருக்கு அங்கே ஒரு நாற்காலியும் கரும்பலகையும் உண்டு.