குதிரையும் கடி ஈயும்



கோடையின் நண்பகலில் ஒரு குதிரை மரத்தடியில் நிற்பதைக் கால்மணி நேரம் உற்று நோக்கியிருக்கிறீர்களா? நின்றுகொண்டே உறங்குவதுபோலத் தோன்றும். ஆனால் அதன் உடலில் ஓய்வே இராது. வால் இடமும் வலமும் வீசிக்கொண்டே இருக்கும். தலை திடீரெனக் குலுங்கும். முன்னங்கால் ஒன்று ஓங்கித் தரையை மிதிக்கும். தோளின்மேல் தோல் மட்டும், குளத்து நீரில் காற்றுப் பட்டாற்போலச் சிலிர்த்து அடங்கும். இவ்வளவும் ஈயை விரட்டும் முயற்சிகளே. தோலைச் சிலிர்க்கச் செய்வதற்கென்றே அதன் அடியில் மெல்லிய தசை விரிப்பு ஒன்று குதிரைக்கு அமைந்திருக்கிறது. நமக்கு அவ்வசதி இல்லை. ஆதலால்தான் முதுகின் நடுவே கொசு கடித்தால் தவித்துப்போகிறோம்.

இயற்கை தந்த இக்கருவிகளுள் தலையாயது வால். அதையும் மனிதன் விட்டுவைக்கவில்லை. இங்கிலாந்தில் வண்டிக் குதிரைகளின் வாலை எலும்போடு சேர்த்து நறுக்கிவிடும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. வாரில் வால் சிக்கிக்கொள்ளும் என்பது சொல்லப்பட்ட காரணம். பார்வைக்கு மிடுக்காக இருக்கும் என்பது சொல்லப்படாத காரணம். 1949-ஆம் ஆண்டில் அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டம் இயற்றி அதைத் தடுத்தது. அதுவரை வாலிழந்து நின்ற குதிரைகள் கோடைதோறும் பட்ட பாட்டை யார் கணக்கெடுத்தார்கள்?

ஈ என்று பொதுவாகச் சொல்லிவிட்டேன். குதிரையைச் சூழும் ஈக்கள் எல்லாம் ஓரினத்தவை அல்ல. இந்த வேறுபாட்டை அறியாதவன் எத்தனை மருந்து வாங்கித் தெளித்தாலும் பணம் போகுமேயன்றி ஈ போகாது.

முதலாவது, குதிரை ஈ. மாட்டையும் கடிப்பதால் மாட்டு ஈ என்றும் சொல்வர். தேனீயின் பருமன் இருக்கும். சில வகை அதனினும் பெரியவை. தலை முழுவதும் கண்ணோ என்று எண்ணும்படி பெரிய கண்கள். இவ்வினத்தில் ஆண் ஈ பூவின் தேனை உண்டு வாழும். பெண் ஈதான் முட்டை வளர்வதற்காக இரத்தத்தை நாடுகிறது. கொசு ஊசி போன்ற வாயால் குத்தி உறிஞ்சுகிறது. குதிரை ஈக்கோ கத்தி போன்ற வாயுறுப்புகள் உண்டு. அவற்றால் தோலை அறுத்து, வழியும் இரத்தத்தை நக்கிக் குடிக்கிறது. கடிபட்ட குதிரை துடித்துப்போவதில் வியப்பில்லை.

வலி ஒருபுறம் இருக்கட்டும். அதனினும் பெருந்தீங்கு ஒன்று அந்த வலியிலிருந்தே பிறக்கிறது. வலி பொறாத குதிரை வாலை வீசி ஈயை விரட்டிவிடுகிறது அல்லவா? பாதி உணவில் எழுந்த ஈ, பசி தீராமல், பக்கத்தில் நிற்கும் மற்றொரு குதிரையின் மேல் உட்காருகிறது. அதன் வாயில் முதற்குதிரையின் இரத்தம் இன்னும் ஈரமாக இருக்கிறது. முதற்குதிரை நோயுற்றதாயின் என்ன ஆகும்? இந்த வினாவிற்கு விடை காணும் வரலாறு நம் துணைக்கண்டத்திலேயே நிகழ்ந்தது.

சிந்து நதியின் மேற்குக் கரையில் தேரா இசுமாயில்கான் என்ற ஊர் இருக்கிறது. இன்று பாகிஸ்தானைச் சேர்ந்தது. 1880-ஆம் ஆண்டில் அப்பகுதியில் படைக் குதிரைகளும் ஒட்டகங்களும் ஒரு நோயால் மடிந்துகொண்டிருந்தன. விட்டு விட்டுக் காய்ச்சல் வரும்; உடல் மெலியும்; இரத்தம் வெளிறும்; காலும் அடிவயிறும் வீங்கும். கொள்ளும் புல்லும் தின்றுகொண்டிருக்கும்போதே குதிரை எலும்பும் தோலுமாகிச் சாகும். மக்கள் அதனைச் 'சுர்ரா' என்றனர். அதனை ஆராய அனுப்பப்பட்டவர் கிரிஃபித் எவான்ஸ் என்ற கால்நடை மருத்துவர், வேல்ஸ் நாட்டினர், மனிதருக்குரிய மருத்துவமும் பயின்றவர். அவர் நோயுற்ற குதிரையின் இரத்தத்துளியை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். சிவப்பணுக்களின் இடையே பாம்புபோல நெளிந்து ஓடும் நுண்ணுயிர்கள் தென்பட்டன. அந்த இரத்தத்தை நலமான விலங்குக்குச் செலுத்தினார். அதற்கும் அதே நோய் வந்தது. அதன் இரத்தத்திலும் அதே உயிர்கள் நெளிந்தன.

இதைவிடத் தெளிவான சான்று வேறு என்ன வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றும். ஆனால் மேலிடத்தார் ஏற்கவில்லை. எலியின் இரத்தத்தில் இத்தகைய உயிர்கள் முன்னரே காணப்பட்டிருந்தன. எலிகளுக்கோ அவற்றால் தீங்கு எதுவும் தெரியவில்லை. ஆகவே குதிரையிலும் அவை வெறும் விருந்தாளிகளே, நோய்க்குக் காரணம் அல்ல என்று முடிவு கட்டினர். எலிக்கு ஒத்தது குதிரைக்கும் ஒக்கும் என்று கருதியதுதான் அவர்கள் தவறு. எவான்ஸ் தாம் கண்டதைக் கைவிடவில்லை. பிற்காலத்தில் உலகம் அதை ஒப்புக்கொண்டது. பாலூட்டிகளில் நோய் விளைவிக்கும் இவ்வகை உயிரை முதன்முதல் கண்டவர் என்ற சிறப்பு அவருக்கே வாய்த்தது. அந்த நுண்ணுயிர்க்கு டிரிப்பனோசோமா எவான்சி என்று அவர் பெயரே இடப்பட்டது. 1835-இல் பிறந்த அவர் 1935 வரை, முழு நூறாண்டு வாழ்ந்து, அனைத்தையும் கண்ணாரக் கண்டார்.

நோயின் உயிரைக் கண்டாயிற்று; அது ஒரு குதிரையிலிருந்து மற்றொன்றுக்கு எப்படிச் செல்கிறது? இதற்கு விடை தந்தவர் லெனார்ட் ராஜர்ஸ். இமயமலைச் சாரலில் முக்தேசுவரத்தில் இருந்த ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய அவர், தம் ஆய்வை 1901-இல் வெளியிட்டார். நோயுற்ற விலங்கைக் கடித்த குதிரை ஈயை உடனே நலமான விலங்கின்மேல் கடிக்கவிட்டால் நோய் தொற்றியது. ஒரு நாளோ அதற்கு மேலோ கழித்துக் கடிக்கவிட்டால் தொற்றவில்லை. மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்ந்து முதிர்வது போன்ற செயல் எதுவும் இங்கே நிகழவில்லை என்பது இதனால் விளங்கிற்று. ஈ வெறும் தூக்குக்கூலிதான். வாயில் ஒட்டிய இரத்தம் காய்வதற்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிறது, அவ்வளவே.

இந்தச் சிறிய உண்மையிலிருந்து ஒரு பெரிய பாதுகாப்பு முறை பிறக்கிறது. பக்கத்தில் வேறு விலங்கு இல்லையென்றால், விரட்டப்பட்ட ஈ பெரும்பாலும் தான் விட்ட குதிரைக்கே திரும்பி வரும்; பசி தீர்க்கத் தொலைதூரம் அலையாது. ஆகவே நோயுற்றதைத் தொலைவில் கட்டிவிட்டால் தொற்று அறுபடும். குதிரை ஈ பரப்பும் மற்றொரு நோயாகிய தொற்று இரத்தச்சோகைக்கு அமெரிக்க நாட்டில் 200 கஜம் விலக்கி வைக்கவேண்டும் என்று விதி செய்திருக்கிறார்கள். மருந்தோ வலையோ வாங்க இயலாத ஏழை வண்டிக்காரருக்கும் இது இயலும். காய்ச்சல் கண்ட குதிரையை மற்றவற்றோடு ஒரே முளையில் கட்டாதிருப்பதற்குக் காசு வேண்டியதில்லை. சுர்ராவுக்கு இன்று மருந்தும் உண்டு. ஆனால் காலத்தே கண்டு கொடுக்கவேண்டும்.

இனி இரண்டாம் ஈக்கு வருவோம். பார்த்தால் வீட்டு ஈ போலவே இருக்கும். ஆனால் வீட்டு ஈ கடிக்காது; குதிரையின் கண்ணீரையும் புண்ணின் கசிவையும் நக்கித் தொல்லை தருவதோடு சரி. இதற்கோ தலையின் முன்னே துருத்திக்கொண்டு ஒரு முள் நிற்கும். லாயத்து ஈ என்று வைத்துக்கொள்வோம். ஆண், பெண் இரண்டுமே இரத்தம் குடிக்கும். பெரும்பாலும் காலில்தான் கடிக்கும். குதிரை ஓயாமல் காலை உதறித் தரையை மிதிக்கிறது என்றால் இதையே முதலில் ஐயுறவேண்டும்.

என் இளமையில் எங்கள் ஊர் ரயில் நிலையத்தின் வாயிலில் ஏழெட்டு ஜட்கா வண்டிகள் நிற்கும். எல்லாக் குதிரைகளும் கால் உதறிக்கொண்டிருக்க, ஒரு கிழவருடைய மட்டக்குதிரை மட்டும் ஏறக்குறைய அமைதியாக நிற்கும். காரணம் கேட்டேன். "தம்பி, ஈயைத் துரத்திக்கிட்டே இருந்தா சவாரிக்கு எப்பப் போறது? ராத்திரி நனைஞ்ச வைக்கோலைக் காலையிலேயே வாரிடுவேன். லத்தியை வெயில்ல பரப்பிக் காயவிட்டிருவேன்" என்றார். மாலையில் வேப்பந்தழையைப் போட்டு மூட்டம் போடுவதும் அவர் வழக்கம். பூச்சியியல் நூல் எதையும் அவர் தொட்டவரல்லர். ஆயினும் நூல்கள் சொல்வதும் அதுவே. சிறுநீரும் லத்தியும் கலந்து ஊறிய வைக்கோலில்தான் இந்த ஈ முட்டையிடுகிறது. முட்டை ஈயாவதற்கு வெப்ப நாளில் இரண்டு மூன்று வாரம் ஆகும். வாரம் ஒருமுறையேனும் லாயத்தை அடியோடு பெருக்கிக் குப்பையை உலர்த்துவோமானால் புழு ஈயாகாமலே மடியும்.

குதிரை ஈயிடம் இந்த முறை செல்லாது. அதன் புழு குளக்கரைச் சேற்றிலும் சதுப்பிலும் மாதக்கணக்கில் வாழ்வது. நாட்டிலுள்ள சேற்றையெல்லாம் யார் உலர்த்துவது? உலர்த்துவதும் நன்றன்று. அதனிடமிருந்து காக்கக் காலமும் இடமும் பார்க்கவேண்டும். அது வெயிலை விரும்புவது. இருண்ட கொட்டிலுக்குள் நுழைய மிகவும் தயங்கும். ஆகவே உச்சிவெயிலில் குதிரையை நிழலான லாயத்தில் கட்டி, மேய்ச்சலை இரவிலும் விடியலிலும் வைத்துக்கொள்வது நலம்.

இப்படிச் சொன்னதும், "இரவில் வெளியே விட்டால் போதும்" என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு எழுந்துவிடாதீர்கள். மூன்றாவது பகைவன் காத்திருக்கிறான். குலிக்காய்டிஸ் என்னும் மிகச் சிறிய பூச்சியினம் அது. கொசுவின் நுண்மாதிரி போன்றது. அந்தியிலும் இரவிலும் விடியலிலும் கடிக்கும். கடிபட்ட சில குதிரைகள் பிடரியையும் வால் அடியையும் மரத்தில் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும். ஆப்பிரிக்கக் குதிரை நோய் என்னும் கொள்ளைநோயைப் பரப்புவதும் இவ்வினமே. 1959 முதல் 1961 வரை அந்நோய் மேற்காசிய நாடுகளில் பரவி, 1960-இல் இந்தியாவுக்கும் வந்தது. அந்த ஆண்டுகளில் இறந்த குதிரைகள், கழுதைகள், கோவேறு கழுதைகள் 3 இலட்சத்துக்கு மேல். இப்பூச்சியால் காற்றை எதிர்த்துப் பறக்க இயலாது. லாயத்தில் ஒரு மின்விசிறி சுழன்றால் அருகில் வராது. வலை கட்டுவதானால் கண் மிக நெருங்கியதாக இருக்கவேண்டும். சாதாரணக் கொசுவலையில் புகுந்துவிடும். ஆக, எந்த ஈ மிகுந்த ஊர் என்பதைக் கண்டறிந்த பிறகே பகலா இரவா என்று முடிவு செய்யவேண்டும்.

குதிரையின் நிறத்துக்கும் ஈக்கும் தொடர்பு உண்டு என்பது அண்மைக் காலத்து ஆய்வு. ஹங்கேரி நாட்டுப் பேராசிரியர் காபோர் ஹோர்வாத்தும் அவர் குழுவினரும் 2010-இல் இதை விளக்கினர். நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிரும். தளவிளைவு என்று இயற்பியலில் படித்திருப்பீர்கள். குதிரை ஈக்கு அந்த ஒளியை உணரும் கண் உண்டு. அதைக் கொண்டே அது நீர்நிலையைத் தேடி அடைகிறது. பளபளக்கும் கருங்குதிரையின் தோலும் அத்தகைய ஒளியை மிகுதியாக வீசுகிறது. வெள்ளைக் குதிரை அவ்வாறு வீசுவதில்லை. எனவே வெள்ளையைவிடக் கருமையை ஈக்கள் மிகுதியாக மொய்க்கின்றன. இதை அறிந்தால், வெயிலில் சூடேறும் கருநிறப் பந்தைத் தொங்கவிட்டு மேலே வலைக்கூம்பு பொருத்திய ஈப்பொறி ஏன் வேலை செய்கிறது என்பதும் விளங்கும். எண்ணெயும் தெளிமருந்தும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வியர்வையில் கரைந்துபோகும், மீண்டும் மீண்டும் தடவவேண்டும் என்பதுதான் அவற்றின் குறை.

வரிக்குதிரையை நினைத்துப் பாருங்கள். அதன் வரிகள் எதற்காக என்று அறிஞர்கள் நெடுநாள் வாதிட்டு வந்திருக்கிறார்கள். டிம் காரோ, மார்ட்டின் ஹௌ முதலியோர் இங்கிலாந்தில் ஒரு பண்ணையில் சில குதிரைகளுக்குக் கறுப்பு, வெள்ளை, வரி என மூவகைப் போர்வைகளை மாற்றி மாற்றிப் போர்த்திப் பார்த்து, 2019-இல் முடிவை வெளியிட்டனர். ஈக்கள் மூவகையையும் ஒரே அளவில்தான் நாடி வந்தன. ஆனால் வரிப்போர்வையின் அருகே வந்ததும் வேகத்தைக் குறைத்து இறங்கத் தெரியாமல் மோதின, அல்லது கடந்து போயின. அதே ஆண்டில் சப்பானில் கரும்பசுக்களின்மேல் வெள்ளை வரி தீட்டிப் பார்த்ததில், அவற்றின்மேல் உட்காரும் கடி ஈக்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. இன்று மேல்நாடுகளில் வரிப்போர்வைகள் கடையிலேயே விற்கின்றன.

ஆனால் அந்த இங்கிலாந்து ஆய்வில் நான் மிகவும் விரும்பிப் படித்தது வேறொரு குறிப்பு. குதிரைகளின் தலை மட்டும் போர்வையின்றி இருந்தது. எந்தப் போர்வை போர்த்தியிருந்தாலும், அந்தத் தலையில் ஈக்கள் ஒரே அளவில்தான் உட்கார்ந்தன. வாலும் எட்டாத, தோலும் அவ்வளவாகச் சிலிர்க்காத இடம் முகந்தான். அதனால்தான் நெற்றிப்பட்டையில் குஞ்சங்களைத் தொங்கவிட்டனர் பழைய குதிரைக்காரர்கள். இப்போது கண்ணை மறைக்காத மெல்லிய வலைமுகமூடி கிடைக்கிறது. அதை இரவில் கழற்றிவிட வேண்டும். காலையில் மாட்டும்போது உள்ளே வைக்கோல் துரும்பு ஏதும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு மாட்டவேண்டும்.