அராபாரி: அடிக்கட்டையிலிருந்து எழுந்த காடு



கொல்கத்தாத் தெருக்களில் புச்கா விற்பவர் நீட்டும் தொன்னை, சால் இலையால் ஆனது. அந்த இலை மிட்னாபூர், பாங்குரா, புருலியா காடுகளிலிருந்து வருகிறது. பறிப்பவர்களும் தைப்பவர்களும் பெரும்பாலும் பழங்குடிப் பெண்கள். அக்காடுகள் அழிந்து மீண்ட வரலாறே இவ்வுரையின் பொருள்.

சால் மரம் வெட்டுண்டால் சாவதில்லை. கரும்பில் மறுதாம்பு கிளைப்பதுபோல அடிக்கட்டையிலிருந்து துளிர்த்து, சுமார் பத்தாண்டுகளில் கழிகளாக வெட்டும் பருவத்தை எட்டும். எனவே இவை மனிதக் கை படாத காடுகள் அல்ல. முறைவைத்து வெட்டியும் வளரவிட்டும் பேணப்பட்டவை. 1793ஆம் ஆண்டின் நிரந்தர நிலவரித் திட்டத்துக்குப் பின் அவை ஜமீன்தார்களின் சொத்தாயின. இருப்புப்பாதை வந்ததும் ஒப்பந்தக்காரர்களின் கோடரி வேகம் பெற்றது. 1950களில் ஜமீன் ஒழிந்து, காடு அரசுடைமையானது. ஆனால் காட்டை நம்பி வாழ்ந்தவன் சட்டத்தின் கண்ணில் திருடனாகவே நீடித்தான். வேறு பிழைப்பில்லாதவன் இளந்துளிரையும் வெட்டி விறகாக்கி விற்றான், துளிர் மரமாகவில்லை.

1972இல் மிட்னாபூர் மாவட்டத்து அராபாரியில், வன அதிகாரி அஜித் குமார் பானர்ஜி இந்த முடிச்சை அவிழ்க்க முற்பட்டார். 1,272 ஹெக்டேர் காடு, 11 கிராமங்கள், 618 குடும்பங்கள். காவல் பொறுப்பு மக்களுடையது. இலையும் சுள்ளியும் இலவசம். காட்டுப் பணிகளில் கூலி வேலை. மர விற்பனை வருவாயில் 25 விழுக்காடு பங்கு. வேர் மண்ணுக்குள் உயிரோடு இருந்தது. மேய்ச்சலும் கோடரியும் விலகியதும் காடு தானாகவே எழுந்தது.

இம்முயற்சி இடது முன்னணி ஆட்சிக்கு முற்பட்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் நிலச்சீர்திருத்தமும் பஞ்சாயத்துகளும் வேரூன்றிய மண்ணில்தான் அது ஓர் அதிகாரியின் நற்செயல் என்ற நிலையைக் கடந்தது. 1989இல் மாநில அரசு அதனைப் பொது ஆணையாக்கியது. மறு ஆண்டே மத்திய அரசின் சுற்றறிக்கை எல்லா மாநிலங்களுக்கும் சென்றது.

குறைகளும் உண்டு. கணக்கேடு வனத்துறையிடமே இருந்தது. பல தரிசுகளில் துறை யூகலிப்டஸ் நட்டது. அந்த இலையில் எந்தப் பெண்ணும் தொன்னை தைக்க முடியாது. அனைத்திற்கும் மேலாக, 25 விழுக்காடு என்பது அரசாணை அளித்த சலுகை. சட்டம் அளித்த உரிமை அன்று.

அந்த உரிமையை 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் கிராமசபைக்கு வழங்கியது. 2022இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த வனப் பாதுகாப்பு விதிகளோ, கிராமசபையின் ஒப்புதலுக்குக் காத்திராமலே காட்டைத் திட்டங்களுக்குத் திறந்துவிட டெல்லிக்கு வழி செய்தன. அராபாரியில் காவல் நின்ற கிராமத்தாரைக் கேட்காமலே அடுத்த கோடரி வரக்கூடும்.